கடன் தீர்த்த பேச்சு

1896ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் நடுப்பகுதியில், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து இறங்கியோருள் அறுபது வயது நிரம்பிய அமெரிக்கர் ஒருவரும் இருந்தார். மனைவியும் மகள் ஒருத்தியும் அவருடன் வந்தனர். கோட்டையிலுள்ள பிறிஸ்டல் ஹோட்டலில் தங்கி, வண்டியேறிக் காலிமுகத்திடல் வரை சென்று வந்தார் அவர். வீதியிலே கண்ட மக்களின் உடை நிறங்கள் அவரைப் பித்தாக்கிவிட்டன. பட்டும் பருத்தியுமாய்ச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்து ஓடிய அந்த வண்ண வெள்ளத்தின் நடுவே, மிஷன் பாடசாலைச் சிறுமியர் சிலர் ஐரோப்பிய உடையில் அணிவகுத்து வந்தனர். அக்காட்சி அவர் கண்ணை உறுத்தியது. உடனே தம் குடும்பத்துப் பெண்களின் உடையை நோக்கினார். அவர்களோடு வீதியிற் செல்ல வெட்கப்பட்டார். பின்பு தம்முடைய உடையைக் குனிந்து பார்த்தார். தம்மோடு தாமே வீதியிற் செல்லவும் வெட்கப்பட்டார். இவ்வாறு பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

பிறரைப் பார்த்துத் தொடங்கிய ஏளனம் ஈற்றிலே தம் தலைமீதே வந்து விழும்படி சொல்வது அந்த மனிதரின் வழக்கம். உலகம் அவரை மார்க் ட்வெயின் என்று அறியும். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ். உல்லாசத்துக்காக அவர் உலகைச் சுற்றி வரவில்லை. தலைக்குமேல் ஏறியிருந்த கடனைத் தீர்ப்பதற்காக, ஊர் ஊராய் மேடையேறிப் பேசிப் பணம் ஈட்டப் புறப்பட்டவர் அவர்.

பேச்சை ஒரு தொழிலாகக் கொண்டு வாழ்தல் கூடுமோ என்ற ஐயம் எழலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிலே அது கூடியது. 1826ஆம் ஆண்டு மசசூசெட்ஸ் மாநிலத்து மில்பரி என்னும் சிற்றூரில் ஜோசையா ஹோல்புரூக் என்பவர் ‘லைசியம்’ என்ற கல்விச் சங்கத்தைத் தொடக்கி வைத்தார். ஊரார் கூடி அறிவியலும் ஒழுக்கமும் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் பரவின. எமேர்சன் போன்ற பேரறிஞர்கள் பனிக்காலம் முழுவதும் ஊர்விட்டு ஊர் சென்று பேசினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1868ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் பொஸ்டன் நகரில் ஒரு பணிமனை திறந்து, பேச்சாளருக்கு ஊர்களையும் நாள்களையும் ஒழுங்கு செய்து கொடுத்து, வருமானத்திற் பத்திலொரு பங்கைத் தமக்கென எடுத்துக்கொண்டார். அன்று முதல் சொற்பொழிவு ஒரு வாணிகமும் ஆயிற்று.

அறிவுரை கேட்டு அலுத்த சபைக்குச் சிரிப்பைக் கொணர்ந்தவர் ஆர்ட்டிமஸ் வார்ட் என்ற புனைபெயர் கொண்ட சார்ல்ஸ் பிரவுண். காட்டிலே விடப்பட்ட குழந்தைகள் என்று தலைப்பை விளம்பரம் செய்துவிட்டு, அக்குழந்தைகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவார் இவர். துயரம் படிந்த முகத்தோடு பேசுவார். சபை சிரித்தால், இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காதவர் போல விழிப்பார். 1863ஆம் ஆண்டின் இறுதியில் இவர் நெவாடாப் பிரதேசத்து வெள்ளிச் சுரங்க நகரமாகிய வேர்ஜீனியா சிற்றிக்குப் பேச வந்தார். அங்கே பத்திரிகை நிருபராய் இருந்த இளைஞர் மார்க் ட்வெயின் அந்த முகத்தையும் அந்த விழிப்பையும் அருகிருந்து கண்டார். வார்ட் பின்னர் இலண்டனுக்குச் சென்று பெரும் புகழ் பெற்றார். ஆயினும் 1867ஆம் ஆண்டு மார்ச் மாதம், முப்பத்து மூன்று வயது நிரம்புமுன்னரே இறந்துபோனார்.

மார்க் ட்வெயின் முதன்முதலாகப் பெருஞ்சபையின் முன் நின்றது 1866ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரில். அந்த ஆண்டின் முற்பகுதியில் ஒரு பத்திரிகை அவரை சான்ட்விச் தீவுகளுக்கு அனுப்பியிருந்தது. இன்று ஹவாய் எனப்படுபவை அத்தீவுகளே. திரும்பி வந்தபோது கையிலே பணமில்லை. தீவுகளைப் பற்றிப் பேசிப் பணம் திரட்டலாம் என எண்ணி, ஐம்பது டொலர் வாடகைக்கு ஒரு பெரிய நாடகசாலையைக் கடனாக அமர்த்தினார். நூற்றைம்பது டொலருக்கு விளம்பரமும் அச்சிட்டார். நகரில் அருமையான வாத்தியக் குழு ஒன்று உண்டு, ஆனால் அது அமர்த்தப்படவில்லை; வாணவேடிக்கை நடத்த எண்ணமிருந்தது, அந்த எண்ணம் கைவிடப்பட்டது என்ற பாங்கில் அவ்விளம்பரம் அமைந்திருந்தது. கதவு ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்தது அதன் கடைசி வரி.

விளம்பரம் செய்தபின் அச்சம் பிடித்துக்கொண்டது. இனிமேல் நடந்தவற்றை அவர் தம் நூலொன்றிலே விரித்துரைக்கின்றார். சிறிது கூட்டியும் சொல்லியிருப்பார் போலும். ஆயினும் அச்சம் உண்மையே. பேச்சிலுள்ள வேடிக்கைகள் யாவும் செத்தவை என்று தோன்றியதாம். ஆகவே பருத்த உடலும் இடிக்குரலும் கொண்ட நண்பர் மூவரை அழைத்து, சபையின் நடுவே அமர்ந்து, மெல்லிய வேடிக்கை எங்கே தென்பட்டாலும் வெடித்துச் சிரிக்குமாறு வேண்டினார். நகரப் பிரமுகர் ஒருவரின் மனைவியாரிடம் வேறொரு வேண்டுகோள் வைத்தார். அவ்வம்மையார் மேடைக்கு அருகிலுள்ள தனியிருக்கையில் அமர்தல் வேண்டும். பேச்சாளர் அவர்பக்கம் திரும்பிப் புன்னகைத்தால், அதுவே அடையாளம் எனக் கொண்டு சிரித்தல் வேண்டும். வீதியிலே எதிர்ப்பட்ட குடிகாரன் ஒருவன், தன்னிடம் சல்லிக் காசு இல்லை, ஆனால் சிரிக்க மிக ஆசை என்று கூறவே, அவனுக்கும் இலவசச் சீட்டு ஒன்று கிடைத்தது.

குறித்த நாளில் மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் சீட்டு விற்குமிடம் பூட்டிக் கிடந்தது. ஒருவரும் வாங்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஆறு மணிக்குப் பின்வாயில் வழியாக நுழைந்து, இருண்ட மேடையின் திரைகளுக்கிடையே அலைந்தார். சிறிது நேரத்தில் ஓர் இரைச்சல் கேட்டது; அது வளர்ந்தது. எவ்வாறு வந்தோம் என்று தெரியாமலே அவர் மேடையின் நடுவே நின்றார். சபை நிறைந்து, நடைவழிகளிலும் மக்கள் நின்றனர். கால்கள் நடுங்கின. ஒரு நிமிடம் கழிந்தபின்னரே தம்மை அடக்கிக்கொண்டு பேசத் தொடங்கினார். மூன்று நண்பர்களும் கடமை தவறவில்லை. குடிகாரன் கடமைக்கு மேலும் செய்தான். நரமாமிசம் உண்ணும் முறையைச் செய்து காட்ட ஆயத்தம், தாய்மார் எவரேனும் ஒரு குழந்தையை இரவல் தந்தாற் போதும் என்ற வேடிக்கையும் அந்தப் பேச்சிலே உண்டு. சபை கலகலத்தது.

பேச்சின் ஓரிடத்தில் மட்டும் அவர் சிரிப்பை நாடவில்லை. உள்ளத்திலிருந்து எழுந்த உருக்கமான பகுதி அது. சபை ஆழ்ந்த மௌனத்தோடு கேட்டது. அம்மௌனம் அவருக்கு எந்தக் கைதட்டலினும் இனிதாயிருந்தது. அந்த மகிழ்ச்சியிலே தம்மையறியாமல் அம்மையார் இருந்த பக்கம் திரும்பி, முகம் மலர்ந்துவிட்டார். அம்மையார் சொன்ன சொல் தவறாதவர். உடனே வெள்ளிமணி போலச் சிரித்தார். கேட்ட சபை முழுவதும் வெடித்தது. அந்த உருக்கம் அங்கேயே மாண்டது. சபையோர் அதனை வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்றும், அன்றைய பேச்சின் சிகரம் என்றும் கொண்டார்களாம்.

மறுநாட் பத்திரிகைகள் புகழ்ந்தன, பணமும் சேர்ந்தது. ஆயினும் கூலிக்கு அமர்த்திய சிரிப்பு உண்மையான சொல்லொன்றைக் கொன்றுவிட்ட அந்தக் கணம் அவருடைய மேடை வாழ்வின் வாயிலிலே நிற்கின்றது. பின்னர் முப்பது ஆண்டுகளாக அவர் தேடியது, சிரித்துக்கொண்டிருக்கும் சபையை எவ்வாறு மௌனமாக்குவது என்பதையே எனலாம்.

கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் சுரங்க ஊர்கள் பலவற்றிலே அதே பேச்சைப் பேசினார். ஓரூரில் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அவரைச் சபைக்கு அறிமுகஞ் செய்தார். இவரைப் பற்றித் தமக்கு இரண்டே விடயங்கள் தெரியும். ஒன்று, இவர் சிறைக்குப் போனதில்லை. மற்றது, ஏன் போகவில்லை என்பது தமக்கு விளங்கவில்லை என்றாராம் அவர். பெரும்புகழ் மாலை சூட்டிப் பேச்சாளரை அறிமுகஞ் செய்வோர் எக்காலத்தும் உளர். இந்தத் தொழிலாளியைப் போலச் சபையை ஆயத்தஞ் செய்து கொடுப்போர் அரியர்.

1871ஆம் ஆண்டின் பனிக்காலச் சுற்றுலாவில் அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. காலமான ஆர்ட்டிமஸ் வார்ட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவை எழுதி, அவருடைய வேடிக்கைகளையும் இடையிடையே தொடுத்துப் பேசினார். பத்திரிகைகள் குறை கூறின. வேடிக்கைகள் நல்லவையே, அவற்றைச் சொன்னவரும் வல்லவரே. எனினும் இன்னொருவரின் சட்டையை அணிந்தவர் போல அவர் மேடையில் நின்றார். சில வாரங்களில் அப்பேச்சைக் கைவிட்டு, நெவாடாவில் தாம் பட்ட பாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நூலிலிருந்து பேசத் தொடங்கினார். மீண்டும் சபை அவர் பக்கம் வந்தது. வார்ட்டிடம் அவர் கற்றவை துயர முகமும் இடைநிறுத்தமும். அவை இரவல் வாங்கக்கூடியவை. சொல்லும் கதை மட்டும் சொந்தமாயிருத்தல் வேண்டும் என்பதை இந்தத் தோல்வி காட்டியது.

இடைநிறுத்தத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து வியப்புக்குரியது. வேடிக்கைக் கதையின் உயிர் கதையில் இல்லை, சொல்லும் முறையிலேயே உண்டு என்று 1895ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றில் எழுதினார். சொல்பவன் தன் கதையிலே வேடிக்கை ஏதும் இருப்பதாக ஐயுறுவது போலவும் காட்டிக்கொள்ளக் கூடாது. சிரிப்பூட்டும் சொல் வருமுன் ஒரு மௌனம் விடல் வேண்டும். அது இம்மியளவு குறைந்தாலும் கூடினாலும் பயனில்லை. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு, பொற்கை ஒன்றைக் கல்லறையிலிருந்து திருடியவனைத் தேடிவரும் பேயின் கதை. இறுதியில் சபையிலே ஒருவரைச் சுட்டித் திடீரெனக் கூவுதல் வேண்டும். அதற்கு முன்னுள்ள மௌனம் சரியாக அமைந்தால் அவர் இருக்கையை விட்டுத் துள்ளுவார். இக்கதையை அவர் எந்த நூலிலும் கற்கவில்லை. மிசூரி மாநிலத்திலே தம் சிறிய தகப்பன் முறையானவரின் பண்ணையில், டான் என்ற அடிமை முதியவர் இரவிலே அடுப்பங்கரையில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒருங்கே இருத்திச் சொல்லக் கேட்டது அது. உலகப் புகழ் பெற்ற பேச்சாளரின் முதல் ஆசிரியர் எழுத்தறிவும் உரிமையும் மறுக்கப்பட்ட ஓர் இனத்தவர் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

சிறுபிள்ளைபோல மேடையில் அலைந்து, சொல்லை நீட்டி இழுத்து, நினைத்ததைப் பேசுவது போலத் தோன்றுவார் அவர். அந்த இழுவை அன்னையாரிடமிருந்து வந்தது. உண்மையிலோ, ஒவ்வொரு சொல்லும் முன்னரே மனனஞ் செய்யப்பட்டது. எழுதியதை அப்படியே மேடையில் வாசித்தால் அது விறைத்து நிற்கும். மனனஞ் செய்து, பல இரவுகள் சொல்லிச் சொல்லி, நாவிலே அது வளைந்து இளகிய பின்னரே பேச்சாகும் என்பது அவர் அனுபவம். மனனஞ் செய்தவற்றின் வரிசை மறந்துவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. முதலில் வாக்கியங்களின் தொடக்கங்களைத் தாளில் எழுதி வைத்தார். அவை ஒன்றுபோல் தோன்றி மயக்கின. பின்பு பத்து விரல் நகங்களிலும் முதலெழுத்துகளை மையினால் எழுதினார். பேச்சாளர் பேசும் பொருளை விட்டு நகங்களையே உற்று நோக்குவதைக் கண்ட சபையோர், கூட்டம் முடிந்ததும் கையிலே என்ன நோய் என்று விசாரித்தனராம். ஈற்றில் படங்கள் வரையலானார். வைக்கோற்போர் ஒன்றும் அதன்கீழ்ப் பாம்பொன்றும் வரைந்தால் அது கார்சன் பள்ளத்தாக்கின் பண்ணை வாழ்க்கை. அடுத்த படம், நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கி ஊரைப் பெயர்க்க முயலும் காற்று. மூன்றாவது மின்னற்கீற்று, மின்னலே இல்லாத சான்பிரான்சிஸ்கோவின் காலநிலை. படங்களை வரைந்து முடித்ததும் தாளை எறிந்துவிடுவார். கண்ணை மூடினாலும் அவை தெரிந்தன.

இத்தனை பயிற்சியும் ஒருமுறை அவரைக் காக்கவில்லை. 1877ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் தேதி, கவிஞர் விட்டியரின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து பொஸ்டனில் நடைபெற்றது. எமேர்சன், லோங்பெலோ, ஹோம்ஸ் ஆகிய மூதறிஞர் மூவரும் அங்கு வீற்றிருந்தனர். இம்மூவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று நாடோடிகள் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குடிசையில் நுழைந்து, குடித்து, சீட்டாட்டத்தில் ஏமாற்றி, அவருடைய சப்பாத்தையும் கொண்டு சென்ற கதையை மார்க் ட்வெயின் எடுத்துரைத்தார். சபை கல்லாய்ச் சமைந்ததாக அவர் நினைவுகூர்கிறார். மறுநாட் பத்திரிகைகளைப் பார்த்தால், சிரிப்பும் இருந்ததாகவே தெரிகின்றது. எவ்வாறாயினும் அவர் நாணித் துடித்து மூவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அம்மூவரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டனர். 1906ஆம் ஆண்டில் அவ்வுரையை மீண்டும் வாசித்தபோது அதிலே பிழை எதுவும் காணேன் என்றார். மானஞ்சார்ந்த விடயத்தில் எந்தப் பேச்சாளரும் தமக்குத் தாமே நல்ல நீதிபதியாகார்.

இனி அந்தக் கடனின் வரலாறு. எழுத்தினால் வந்த செல்வத்தை அவர் எழுத்தடுக்கும் பொறியொன்றிலும் ஒரு பதிப்பகத்திலும் போட்டார். பொறி ஒருபோதும் ஒழுங்காக இயங்கவில்லை. பதிப்பகம் 1894ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வங்குரோத்தாயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர் கடன் நின்றது. கையிலுள்ளதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு விலகுவதற்குச் சட்டம் இடமளித்தது. மனைவியார் ஒலிவியா அதற்கு இசையவில்லை. ஒரு டொலருக்கு ஒரு டொலராகவே கொடுத்தல் வேண்டும் என்றார். சட்டத்தைவிட மானம் கண்டிப்பான எசமானன் என்ற கருத்துப்பட மார்க் ட்வெயினும் பத்திரிகைக்கு அறிக்கை விடுத்தார். மேடைப் பயணத்தை வெறுத்தவர் அவர். பிளவைக் கட்டியினால் காலும் நோவெடுத்தது. ஆயினும் 1895ஆம் ஆண்டு யூலை மாதம் கிளீவ்லன்ட் நகரில் தொடங்கி, அமெரிக்காவின் வடபகுதியைக் கடந்து, ஓகஸ்ட் 23ஆந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் கப்பலேறினார். மூத்த மகள் சூசியும் இளைய மகளும் ஊரிலே தங்கினர்.

ஹொனலூலுவில் இறங்கிப் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. முதற்பேச்சைத் தந்த அந்தத் தீவுகளை இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் காண ஆவலாயிருந்தார். அங்கே வாந்திபேதி பரவியிருந்தமையால் ஒருவரும் இறங்க முடியவில்லை. கப்பலில் நின்றபடியே கரையைப் பார்த்துச் சென்றார்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, தென்னாபிரிக்கா என நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்களிலே பேசினார். ஒழுக்கத்தைப் போதிப்பதே தம் நோக்கம் என்று துயர முகத்தோடு தொடங்குவார். உலகில் எத்தனை குற்றங்கள் உண்டோ அத்தனையையும் ஒவ்வொருமுறை செய்துவிட்டால், அம்மைப்பால் குத்தியவரைப் போலப் பிறகு தீமை அணுகாது என்பது அவருடைய போதனை. எடுத்துக்காட்டாகத் தாம் சிறுவயதில் வத்தகைப்பழம் திருடிய கதையைச் சொல்வார். மறைவிலே உடைத்துப் பார்த்தால் அது காய். உடனே அவருக்குள் ஒழுக்கம் விழித்துக்கொண்டது. கமக்காரனிடமே திரும்பிச் சென்று, பழுக்காததை விற்பதற்கு நாணவில்லையா என்று கடிந்து, நல்ல பழமொன்றை வாங்கிக்கொண்டார்.

சபை இவ்வாறு சிரித்து இளகியபின், ஹக்கிள்பெரி பின் கதையிலிருந்து ஒரு பகுதியை எடுப்பார். தப்பியோடும் அடிமையாகிய ஜிம்மோடு ஹக் என்ற சிறுவன் தெப்பத்திலே ஆற்றில் இறங்குகிறான். அடிமையைக் காட்டிக்கொடுப்பதே நேர்மை என்று ஊர் அவனுக்குக் கற்பித்திருக்கிறது. காட்டிக்கொடுக்கவே தோணியிற் புறப்படுகிறான். துப்பாக்கி ஏந்திய இருவர் எதிர்ப்பட்டுத் தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கும்போது நா எழவில்லை. தந்தையார் நோயாய்க் கிடக்கிறார் என்று பொய் சொல்லி, அது அம்மை நோய் என்று அவர்கள் எண்ணும்படி செய்து, அவர்களை ஓட வைக்கிறான். நல்ல நெஞ்சமும் கோணலாக வளர்க்கப்பட்ட மனச்சாட்சியும் மோத, மனச்சாட்சி தோற்கும் கதை என்று மார்க் ட்வெயின் இதனை விளக்கினார். அவர் வளர்ந்த ஊரிலே அடிமை முறையைத் தவறென்று எவரும் சொல்ல அவர் கேட்டதில்லை. தேவாலயத்திலும் கேட்டதில்லை. அந்த மனச்சாட்சி அவருக்கும் ஊட்டப்பட்டதே. வத்தகைப்பழத் திருட்டில் தம்மைத்தாமே ஏளனஞ் செய்தவர் இதைச் சொல்லும்போது, உபதேசம் என்று எவரும் முகந்திருப்பவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அம்மையாரின் சிரிப்பினால் மாண்டுபோன அந்த மௌனம் இங்கே அவருக்குக் கிட்டியது.

மார்ச் மாத இறுதியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, சென்னையில் ஒரு நாள் நின்று, இலங்கையில் மேலும் இரண்டு மூன்று நாள் தங்கி, மொரீசியஸ் தீவுக்குச் சென்றார். 1896ஆம் ஆண்டு யூலை மாதம் இங்கிலாந்தில் பயணம் முடிந்தது. அங்கே கில்ட்போர்ட் என்னும் ஊரில் வீடெடுத்து, மகள்மார் வந்து சேர்வதற்காகக் காத்திருந்தார். சூசி நோயுற்றாள் என்று செய்தி வந்தது. மனைவியும் மகள் கிளாராவும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஓகஸ்ட் 18ஆந் தேதி, இருபத்து நான்கு வயதான சூசி மூளைக் காய்ச்சலினால் இறந்தாள். தந்தி அந்த வீட்டிலே தனியே இருந்த தந்தையிடம் வந்தது.

அந்தப் பனிக்காலத்தை இலண்டனில், எவரையும் சந்திக்காமல் கழித்தனர் அவரும் குடும்பத்தாரும். அங்கிருந்துகொண்டே அவர் தம் உலகப் பயண நூலை எழுதினார். காலிமுகத்திடலின் வண்ண உடைகளும், தம் உடையைக் கண்டு தாமே நாணிய வேடிக்கையும் அந்த வீட்டிலே எழுதப்பட்டவை. நூல் 1897ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கடைசிக் கடன்காரர் வரை முழுப்பணமும் போய்ச் சேர்ந்தது.